வர்க்கி சொன்ன முடிவு

வேலந்தாவளம் எடைமேடையில்
சீட்டு அடிக்கிறவளுக்கு
சினிமா பற்றிப் பேச என்ன யோக்கியதை
என்று சபூரா கேட்பாள்.
டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தது நான். அது போதாதா?

மேற்கே நாலு ஸ்டாப் போனால் மலையாளப் படம்,
கிழக்கே போனால் தமிழ்ப் படம்.
இப்போது ரெண்டு பக்கமும் அழுகைதான் ஓடுகிறது.

போன மாசம் கொழிஞ்சாம்பாறையில் பார்த்தது:
தபால்காரன் ஒரு கடிதத்தைத் தொலைத்துவிட்டு
ரெண்டே கால் மணி நேரம் தேடுகிறான்.
கூரையிலிருந்து மழைத்தண்ணி சொட்டுகிறது.
நான் வெளியே போய் பரிப்புவடை வாங்கி,
சில்லறைக்குச் சண்டை போட்டுத் திரும்பினால்
இன்னும் சொட்டுகிறது.
சபூரா தூங்கிவிட்டாள்.
ஆனால் ஒரு இடம்:
கோர்ட்டுக்குப் போகிற வழியில்
அவன் மனைவிக்குச் செருப்பு வார் அறும்.
தாலிக்கொடியில் கிடந்த ஊக்கை எடுத்துக் குத்திக்கொண்டு
நடப்பாள். நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டாள்.
அதற்காக அந்த நூற்றி முப்பது ரூபாயை மன்னித்தேன்.

கிழக்கே பார்த்ததில்
அப்பா செத்துப்போகிறார்.
நாற்பது பேர் ஒரே சுருதியில் அழுகிறார்கள்.
மகன் சிதைக்குப் பக்கத்தில் நின்று
அப்பா என்றால் என்ன என்று பிரசங்கம் செய்கிறான்.
வயலின் அவன் முதுகைத் தட்டிக்கொண்டே இருக்கிறது.

எங்கள் அப்பா செத்த அன்று யாரும் பிரசங்கம் செய்யவில்லை.
ஐஸ்பெட்டி வாடகை யார் தலையில் என்று
அண்ணனும் மாமாவும் முருங்கைமரத்தடியில் கிசுகிசுத்தார்கள்.
பந்தல்காரன் நாற்காலிகளை எண்ணினான்.
ஒன்று குறைந்தது.
அதில் நான் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவதைப் போனில் பார்த்தேன்,
லோடுக்கும் லோடுக்கும் நடுவில், துண்டு துண்டாக.
பதினோரு வருசம் முன்பு கோபித்துப் போனவன்
வீட்டு கேட்டுக்கு வந்து நிற்கிறான்.
கொண்டியில் கை வைக்கிறான்.
அப்போது பார்த்து ஓடு ஏற்றிய லாரி ஒன்று
மேடையில் ஏறியது.
ஒல்லூர் வண்டி. டிரைவர் வர்க்கி.
ஜன்னலில் தலையை விட்டு, "இது ஞான் கண்டதாணு" என்றார்.
முடிவு என்ன என்று கேட்டேன்.
சீட்டு அச்சாகிற நேரத்துக்குள் சொன்னார்:
"அகத்து கேறியில்லா.
கேட்டில் ஒரு சஞ்சி தூக்கியிட்டு திரிச்சு போயி."
சஞ்சியில் என்ன?
"மத்தி. ரெண்டு கிலோ. அவளுக்கு வலிய இஷ்டமாணு."

அன்று ராத்திரி வரை அந்தச் சஞ்சி
கண்ணுக்குள் ஆடிக்கொண்டிருந்தது.
ஈரம் சொட்டியிருக்கும். பூனை வந்திருக்கும்.
அவள் கதவைத் திறந்து
தெருவில் ஆள் இருக்கா என்று பார்த்திருக்கமாட்டாள்,
முதலில் மீனைத்தான் எடுத்து உள்ளே வைத்திருப்பாள்.
கெட்டுப்போகுமே.

மறுநாள் மிச்சத்தைப் பார்த்தால்
மீனே இல்லை.
உள்ளே போகிறான், காலில் விழுகிறான்,
இடி இடிக்கிறது,
பள்ளிக்கூட உடுப்பில் ஒரு குழந்தை வந்து
நீங்கதான் அப்பாவா என்கிறது.
மிஞ்சிப்போனால் அதற்கு ஆறு வயசு.
டைரக்டர் கணக்கில் வீக்.

அடுத்த செவ்வாய் வர்க்கி வந்தார்.
அந்த மத்தி படத்தில் இல்லையே என்றேன்.
ஸ்டியரிங்கில் கிடந்த துண்டை எடுத்து
முகம் துடைத்தார்.
வேர்வை போன பிறகும் துடைத்தார்.
"அது வேறே சினிமா ஆயிரிக்கும்."
எந்த சினிமா என்று வாய் வரைக்கும் வந்தது.
பின்னால் தேங்காய்நார் வண்டிக்காரன் ஹாரனை அழுத்தினான்.
சீட்டைக் கொடுத்தேன்.

வண்டி இறங்கிய பிறகும் சில நாள்
சிவப்பு எழுத்தில் இருபது கிலோ நிற்கும்.
டயர் சேறு, கூட்டித் தள்ளு என்பார் முதலாளி.
அன்று கூட்டாமல் விட்டேன்.
தேங்காய்நார்க்காரன் சண்டைக்கு வந்தான்.
அவன் சொன்னதும் நியாயம்தான்.

வெள்ளிக்கிழமை புதுப் படமாம்.
அம்மாவும் மகளும் பத்து வருசம் பேசாத கதை,
ரெண்டு கர்சீப் எடுத்துக்கோ என்றாள் சபூரா.
ஒன்று போதும்,
நீ சில்லறை கொண்டுவா என்றேன்.